ஒட்டுமுடி நீக்கமும் பிசின் எச்சமும்: ஓர் ஆய்வியல் நோக்கு

தமிழ்ப் புலவர்கள் கூந்தலை விட்டுவைத்ததில்லை. முடிந்ததை, அவிழ்த்ததை, நெய் பூசியதை, அகில் புகை ஊட்டியதை, பூச்சூட்டியதை எல்லாம் பாடித் தீர்த்துவிட்டார்கள். பசை போட்டு ஒட்டிய முடியைக் கழற்றுவது பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்தை ஆய்வுலகம் இன்னும் கண்டுகொள்ளாதது வியப்பு. கண்டுகொண்டிருந்தால் இதற்குள் நான்கு கருத்தரங்க மலர்களாவது வந்திருக்கும். கட்டணம் செலுத்திய எல்லோருடைய கட்டுரையும், எழுதாதவர் கட்டுரை உட்பட, அவற்றில் இடம்பெற்றிருக்கும்.

ஆய்வு எல்லை: வைகாசி முகூர்த்தத்துக்காக ஒட்டப்பட்டு, ஆடி அழைப்புக்குத் தாய்வீடு வந்தபோது நீக்கப்பட்ட முடி. முதன்மைத் தரவு: அண்ணன் மகளின் தலை. துணைமைத் தரவு: அந்தத் தலையைச் சுற்றி நின்றவர்களின் கருத்து. கருதுகோள்: ஒட்டியது வரும். துணைக் கருதுகோள்: ஒட்டியதோடு ஒட்டாததும் வரும். சொல்லாராய்ச்சி ஒன்று இவ்விடத்தில் வருவது மரபு. நெறியாளர் ஊரில் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

கூந்தலை ஐம்பால் என்பது வழக்கு. அந்த ஐந்து எவை என்று கேட்டால் குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்று உரைகாரர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆறாவதாக ‘ஒட்டு’ என்பதைச் சேர்க்கும்படி முன்மொழிகிறேன். எதிர்ப்பு பலமாக இருக்கும் என்று தெரியும். ஐந்தை ஐந்து விதமாக எண்ணியே முனைவர் ஆனவர்கள் நாட்டில் நிறையப் பேர். ஆறு என்றால் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒட்டின் உள்வகைகளுக்கு வருவோம். சவுரி: கட்டியது, அவிழ்த்தால் வந்துவிடும், ஆய்வுக்கு இடமில்லை. கிளிப் முடி: மேற்படி. கெரட்டின் ஒட்டு: முடிக்கற்றையின் நுனியில் உருகுபசை வைத்துச் சூடுகாட்டிச் சொந்த முடியோடு இணைப்பது. இதை நீக்க, ஆல்கஹால் கலந்த கரைசலைத் தடவி, சிறு குறடால் பசையை நொறுக்கி உதிர்க்க வேண்டும். குறடு என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா எழுந்து போய் மின்வேலைக் குறடோடு திரும்பினார். எங்கள் தரவில் கெரட்டின் இல்லை என்று எடுத்துச் சொல்லி அவர் உட்காரவைக்கப்பட்டார்.

எங்கள் தரவில் இருந்தவை இரண்டு. காதோரம் டேப், பின்தலையில் பசை. டேப் என்பது அழுத்தினால் ஒட்டும் அக்ரிலிக் பசை பூசிய இரு பட்டைகள். நடுவே சொந்த முடி மெல்லிய வரிசையாக அகப்பட்டிருக்கும். ஆல்கஹாலோ, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீனோ கலந்த நீக்கியைப் பட்டைகளுக்கு நடுவே விட்டுப் பொறுத்தால், அது மனமிரங்கிப் பிரியும். பின்தலையில் இருந்தது மரப்பால் சேர்ந்த கறுப்புப் பசை. முடிப்பட்டையின் ஓரம் முழுக்கத் தடவி, வகிடெடுத்து ஒட்டியிருந்தார்கள்.

இந்தப் பசைக்கு முன்னாய்வு உண்டு. அது நூலகத்தில் இல்லை, பண்ருட்டியில் இருக்கிறது. பலாச்சுளை எடுக்க உட்காருகிறவர்கள் முதலில் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். பலாப்பால் தண்ணீரை மதிக்காது. எண்ணெய் பட்டால் இளகும். மரப்பால் பசையும் அதே குணம்தான். எண்ணெய் மெல்ல உள்ளே ஊறி அதை உப்பவைக்கிறது, உப்பியது பிடி விடுகிறது. பார்லரில் கொடுத்தனுப்பிய சீட்டில் ‘வேர்ப்பகுதியில் எண்ணெய் படவே கூடாது’ என்று போட்டிருந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கழற்றும் முறையை அவர்களே அச்சடித்துத் தந்திருக்கிறார்கள், தடை என்ற வடிவில்.

எந்த எண்ணெய் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தேங்காய் எண்ணெயே தகும் (அத்தை, வாய்மொழி). நல்லெண்ணெயும் தகும் (மேற்படி அத்தை, திருத்திய பதிப்பு, பாட்டி அறைக்குள் நுழைந்த பிறகு). எந்த எண்ணெயும் தகாது, முடியை ஒட்டியதே தகாது (எதிர்வீட்டு மாமி, ‘எங்க காலத்துல இதெல்லாம் ஏதுடி?’, வாசற்படிச் சொற்பொழிவு, மாலை ஆறு மணி, பக்க எண் இல்லை, இடைவேளையும் இல்லை). மூன்று நிலைப்பாடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எண்ணெயின் பெயரால் பெரிய வேறுபாடு ஒன்றும் ஏற்படவில்லை. ஊறவிட்ட நேரம்தான் வேலை செய்தது. கால் மணி நேரம் யாரும் தலையைத் தொடாமலிருந்தால் போதும். ஆனால் பெண் வந்திருக்கும் ஆடி மாத வீட்டில் கால் மணி நேரம் யாரும் தலையைத் தொடாமலிருப்பது ஆய்வகச் சூழலில் மட்டுமே சாத்தியம்.

நீக்கும் செயலுக்கான மூல ஆவணம் ஒன்று கிடைத்தது. அதன் சான்றுக் குறிப்பை முழுமையாகத் தருவது கடமை: சித்தி, பார்லர்க்காரப் பெண்ணிடம் கேட்டு அண்ணி சொன்னதாக எழுதிவைத்தது; அண்ணி அப்படிச் சொல்லவில்லை என்று அத்தை மறுத்ததாக மாமி நினைவுகூர்வது; கைப்பிரதி, மளிகைக் கடை ரசீதின் பின்புறம், துவரம்பருப்புக்கு நேர் கீழே; எண்ணெயில் ஊறி ஈற்றெழுத்துகள் சிதைந்தன; பாடபேதம் ‘இழுக்க’, ‘இழுக்காதே’.

இரண்டு பாடங்களுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. யாப்பு இல்லாததால் தளை பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை. பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டிவிட்டு எது சரி என்று சொல்லாமல் ஒதுங்குவதே நம் பதிப்பு மரபு. எத்தனையோ பெரியவர்கள் அப்படித்தான் பேர் வாங்கினார்கள். நானும் ஒதுங்கினேன். அதற்குள் சித்தி முதல் பாடத்தைக் கொண்டு காதோரத்தில் உரை செய்துவிட்டார்.

இழுப்பதன் விளைவு புதிய கண்டுபிடிப்பல்ல. ஓயாமல் இழுபடும் முடி வேரோடு விட்டுப்போகும் என்பதை 1907இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். இறுக்கி உயர்த்திக் கட்டிய கொண்டையால் அவர்களுடைய முன்நெற்றி ஏறியிருந்தது. பனிப்பாலையில் நூறாண்டுக்கு முன் தெரிந்தது எங்கள் கூடத்துக்கு வந்துசேரவில்லை. இழுக்காதே என்ற பாடமே மூலபாடம் என்று கொண்டு, விரலால் பசையை நெகிழ்த்தி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக வாரிவர வேண்டும் என உரை கூறுக.

முடிப்பட்டை கழன்று வந்ததும் கூடத்தில் அலறல் எழுந்தது. பட்டையோடு கையளவு சொந்த முடியும் சேர்ந்து வந்திருந்தது. ‘பொண்ணுக்கு வழுக்கை விழுந்துடுச்சு’ என்ற முடிவுரை, ஆய்வு முடியும் முன்பே, கைப்பேசி வழியாகச் சம்பந்தி வீடு வரை போய்விட்டது. உண்மை வேறு. எந்தத் தலையிலும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சாதாரணமாக அது சீப்பில், சோற்றில், துண்டில் எனப் பிரிந்து போய்விடுவதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒட்டிய இடத்தில் உதிர்ந்தது கீழே விழ வழியில்லாமல் பசையிலேயே தங்கிவிடுகிறது. எட்டு வாரத் தங்கல் ஒரே நாளில் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறும்போது திகிலாகத்தான் இருக்கும். இதை விளக்கி இரண்டாம் பதிப்பு ஒன்றைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினோம். முதற்பதிப்பின் பிரதிகளைத் திரும்பப் பெற முடியவில்லை.

இனிதான் என் ஆய்வின் நெஞ்சப் பகுதி: எச்சம். முடி போன பிறகும் வேருக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் பிசுபிசுப்பாகப் பசை மிஞ்சுகிறது. பொதுமக்கள் இதை அழுக்கு என்கிறார்கள். அறிஞர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. இது பண்பாட்டு அடுக்கு. ஒட்டிக்கொண்டது எதையும் விடாத தன்மையால், எட்டு வாரக் குடும்ப வரலாறு அதில் குழப்பமில்லாமல் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

அகழாய்வை மேலிருந்து தொடங்கினேன். முதல் அடுக்கில் சீயக்காய்த் துகள். இது அன்று காலை பாட்டி மேற்கொண்ட தனி முயற்சியின் எச்சம். பிசுபிசுப்பின் மேல் தூளைப் போட்டால் தூளும் ஒட்டும் என்பதைத் தவிர இந்த அடுக்கு எதையும் நிறுவவில்லை. (எண்ணெயை வெளியேற்றச் சீயக்காயின் சப்போனின் நன்றாக உதவும், ஆனால் பசை இளகிய பிறகு. வரிசை மாறியதே பாட்டியின் பிழை. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.) அடுத்து தலையணைப் பஞ்சு, ஆனி மாதத்தது. அதன் கீழே நீலக் கம்பளி இழைகள்: கொடைக்கானலில் வாங்கிய குல்லாய், வணிகத் தொடர்புக்குச் சான்று. அதற்கும் கீழே ஜிகினா, தாராளமாக. வரவேற்பு மேடை இந்த அடுக்கில்தான் இருந்திருக்க வேண்டும். ஜிகினாவோடு சந்தனக் கறையும் இருந்ததால் இருவேறு நாகரிகங்கள் ஒரே மாலையில் கலந்தன என்று துணியலாம். அடிமட்டத்தில், பசையோடு பசையாக, மஞ்சள் பூசிய ஒரே ஓர் அரிசி.

அட்சதை. ஆய்வாளன் வாழ்வில் இப்படி ஒரு கணம் வாய்ப்பது அரிது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் சாடிக்குள் கிடைத்த நெல்லைக் கொண்டு கி.மு. 490 என்று காலம் கணித்தார்கள். என்னிடம் அரிசியே இருந்தது. வைகாசி முகூர்த்தம் என்று கணிப்பதே முறை. பெண்ணுக்கு அத்தை முறையாகும் ஒருவர் அதை ஏற்கவில்லை. மாசியில் நடந்த நிச்சயதார்த்த அட்சதை இது என்றார். நிச்சயதார்த்தத்தின்போது முடியே ஒட்டவில்லையே என்ற எதிர்வாதத்தை அவர் பொருட்படுத்தவில்லை. மாமா இன்னும் பின்னால் போய், இது தன் கல்யாண அட்சதையாகக்கூட இருக்கலாம் என்றார். காலத்தைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளக் கூடத்தில் இருந்த எல்லோர் முகமும் மலர்வதைக் கவனித்தேன். தமிழாய்வின் முறையியல் எனக்கு அந்தக் கூடத்தில்தான் பிடிபட்டது. அரிசி எங்கே என்று கேட்காதீர்கள். அண்ணன் மகள் தலையைக் குளியலறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

முடியின் மணம் குறித்த பழைய வழக்கையும் இங்கே தொட்டாக வேண்டும். மதுரைச் சங்கத்தில் ஒரு பொற்கிழியை முன்னிட்டு இறைவனோடே நக்கீரர் வாதாடியது, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதற்காக. தேவியின் கூந்தலுக்கும் கிடையாது என்று அவர் நின்றதைத் திருவிளையாடற் புராணம் சொல்லும். ஒட்டுமுடி அன்று இருந்திருந்தால் வாதமே எழுந்திராது. திருமலையிலும் பழனியிலும் நேர்த்திக்கடனாக இறக்கிய முடி ஏலத்தில் போய், சிக்கெடுத்து, அலசி, சில ரகங்களில் அமிலத்தால் செதில் போக்கி சிலிக்கோன் பூசி, யாரோ ஒருத்தியின் தலைக்கு வருகிறது. மணம் என்று ஒன்று இருந்தால் அது சிலிக்கோனுடையது. நக்கீரருக்கு வெற்றி. ஆனாலும் அவர் யாரையும் கிழியை வாங்கவிடமாட்டார். முடி நேர்ந்துகொண்டவருடையதா, பணம் கொடுத்தவருடையதா என்று அடுத்த குற்றத்தைத் தொடங்கியிருப்பார்.

அசிட்டோன் பற்றி இரண்டு வரி. பல நகப்பூச்சு நீக்கிகளில் இருப்பது அதுவே, சில பசைகளை நொடியில் கரைக்கும். 56 பாகை செல்சியசில் கொதித்துவிடும், அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும். குத்துவிளக்கு எரியும் வெள்ளிக்கிழமை மாலை அதற்கு உகந்த வேளையல்ல. மண்ணெண்ணெய் என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. குரலுக்கு உரியவர் மறுபடியும் உட்காரவைக்கப்பட்டார்.

எல்லாப் பசையும் பலாப்பால் அல்ல என்பதற்கு 2021இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒருவர் சான்றானார். முடியைப் படியவைக்கும் ஸ்பிரே தீர்ந்துபோய், மரமும் உலோகமும் ஒட்டும் ஸ்பிரே பசையை அடித்துக்கொண்டார். ஏறத்தாழ ஒரு மாதம் எத்தனை தடவை அலசியும் அசையவில்லை. கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஓர் அறுவை மருத்துவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்து அதை எடுத்தார். மருத்துவப் பசைநீக்கியோடு அவர் கலந்துகொண்டவற்றில் சோற்றுக் கற்றாழையும் ஆலிவ் எண்ணெயும் இருந்தன. இச்செய்தியைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கற்றாழை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, சுற்றியிருந்த ஒவ்வொருவரையும் முறை வைத்துப் பார்த்தார்.

மேலாய்வுக்கான களங்கள்: கண்ணிமையில் ஒட்டும் முடி. அதற்குப் பயன்படுவது சயனோஅக்ரிலேட், உடைந்த செருப்பை ஒட்டும் அதே குடும்பம். கண்ணுக்கு அருகே இருப்பதால் ஒட்டியவரே கழற்ற வேண்டும், வீட்டார் கைவைக்கக் கூடாது. இதை முன்னெடுக்கச் சித்தி ஆர்வம் தெரிவித்து, ரசீது ஒன்றும் கேட்டிருக்கிறார். அனுமதி மறுக்கப்பட்டுள்ளது.