உலகத்தின் மொட்டைமாடியில் ஒரு சைக்கிள்: கேள்வி–பதில்

2019 ஆகஸ்டில் பாமீர் மலைச்சாலையில் தனியாகச் சைக்கிள் ஓட்டிவந்ததைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்கள்.

அந்தச் சாலை எங்கே இருக்கிறது? எவ்வளவு உயரம்? (கோவில்பட்டி)

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் ஏறி, தஜிகிஸ்தானின் தலைநகர் துஷன்பேயில் இறங்கினேன். வரைபடத்தில் எம்41 என்று போட்டிருக்கும். ஓஷிலிருந்து கோரோக் நகர் வரையிலான பகுதியை 1930களில் சோவியத் அரசு அமைத்தது. உச்சி அக்பைத்தால் கணவாய், 4,655 மீட்டர். தொட்டபெட்டாவின் தலையில் ஏற்காட்டைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரம் எட்டாது. பாமீரைப் பாரசீகத்தில் ‘பாமி துன்யா’ என்பார்கள், உலகத்தின் கூரை. எனக்கு அது மொட்டைமாடி என்றே தோன்றியது. அவ்வளவு பரந்த வெளி, அவ்வளவு வெயில், அவ்வளவு காற்று.

தனியாகவா போனீர்கள் அக்கா? (மதுரை)

கிளம்பும்போது தனியாகத்தான் இருந்தேன். மூன்றாவது நாளே ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, முலாம்பழத்தை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

மூச்சுத் திணறவில்லையா? (திருப்பூர்)

திணறியது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

உச்சிக் கணவாயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவசரப்படுத்தினால் பழகாது. மலையேறுபவர்கள் காக்கும் விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவில் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஏறாமல் ஒரு நாள் இருந்துவிட வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட, எங்கே தலை சாய்த்தீர்கள் என்பதுதான் கணக்கு.

சாரிதாஷ் கிராமம் 3,170 மீட்டரில் இருக்கிறது. அடுத்து வீடுகள் உள்ள ஊர், ஏரிக்கரையில் இருக்கும் கராகுல், 3,900க்கும் மேல். ஒரே தாவலில் 700 மீட்டர் கூடுகிறது. அதனால் சாரிதாஷில் இரண்டு இரவு தங்கினேன். அப்படியும் கராகுலில் தலை வெடித்தது. சாப்பாடு இறங்கவில்லை.

‘தலைவலி வந்தால் கீழே இறங்கிவிடு’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்வார்கள். கராகுல் ஒரு கிண்ணத்தின் அடி. வடக்கே 4,280 மீட்டரில் கிசில்ஆர்ட் கணவாய், தெற்கே அக்பைத்தால். எந்தப் பக்கம் இறங்க நினைத்தாலும் முதலில் ஏறியாக வேண்டும்! வரைபடத்தில் பல தடவை பார்த்திருந்தும், இது அங்கே படுத்துக் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் ஒரு வண்டி பிடித்துத் தாழ்ந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கூடுதலாக ஒரு நாள் படுத்திருந்தேன், சரியானது.

சாலை உண்மையிலேயே அவ்வளவு மோசமா? (நாகர்கோவில்)

குழியைக்கூட மன்னித்துவிடலாம், அலையை மன்னிக்க முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தரையில் விரித்ததுபோல, சாலைக்குக் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரம் உருண்டால், மண்ணில் இருக்கும் சின்ன மேடு அதைத் துள்ள வைக்கிறது. துள்ளிய சக்கரம் விழும் இடத்தில் மண் நகர்ந்து பள்ளமாகிறது, அடுத்த மேடு எழுகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு லாரியும் அதே தாளத்தில் குதித்து அலையை ஆழமாக்குகிறது. சைக்கிளுக்கு ஒரே வழி, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சாலையின் ஓர விளிம்பைத் தேடுவது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மாலையில் விரல் மடங்காது.

என்ன பழுது வந்தது? என்ன உதிரி கொண்டுபோக வேண்டும்? (சிவகாசி)

அந்த அலையில் எல்லாத் திருகுகளும் கழலும். தினமும் மாலையில் ஒவ்வொன்றையும் தொட்டு இறுக்குவதை மாலைச் சந்தியாவந்தனம்போல வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அலுப்பில் விட்டேன், மறுநாள் பை மாட்டும் தாங்கியின் திருகு போய்விட்டது. ஒரு ஓட்டுநர் கம்பியைச் சுற்றி முறுக்கிக் கொடுத்தார், துஷன்பே வரை அது அசையவில்லை. உதிரிகளில் முதலிடம் ஸ்போக் கம்பிக்கு. பாரம் பின்சக்கரத்தில் இருப்பதால், பல்சக்கரம் உள்ள பக்கத்துக் கம்பிதான் முதலில் முறியும். அதை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி இல்லாமல் கம்பி மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. டயர் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

எனக்கு வயது 54, முழங்கால் பேசுகிறது. முடியுமா? (நாமக்கல்)

முடியும். பெரிய கியரில் அழுத்தி மிதிப்பதுதான் முழங்காலைக் கெடுக்கிறது. ஆகச் சிறிய கியரைப் போட்டு, நடக்கும் வேகத்தில் மிதியுங்கள். உங்கள் ஊர்க் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பைகளை மாட்டிக்கொண்டு அதை ஏறிப் பாருங்கள். உச்சியில் நின்று பேச முடிந்தால் நீங்கள் தயார்.

நாய்கள்? (கும்பகோணம்)

இறங்குங்கள். சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டினால் போதும், அந்த மொழி அங்கேயும் புரிகிறது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? நான் சைவம். (ஸ்ரீரங்கம்)

ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு, நூடுல்ஸ். முட்டையும் ஆகாதென்றால் சிரமம்தான். காலையில் ஷிர்சாய் தருவார்கள். பாலும் உப்பும் வெண்ணெயும் சேர்ந்த தேநீர், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். நம் நாக்கு சர்க்கரையைத் தேடும். மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திவிடும்.

அந்தத் தேநீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழக்குப் பாமீரில் மரமே கிடையாது. சோவியத் காலத்தில் நிலக்கரி வந்துகொண்டிருந்தது. 1991க்குப் பின் அது நின்றுபோக, மக்கள் வரட்டியையும் தெரஸ்கன் என்ற புதரையும் எரிக்கத் தொடங்கினார்கள். தெரஸ்கன் மிக மெதுவாக வளரும். வேரோடு பிடுங்கிவிட்டால் அந்த இடம் வெறும் மண்ணாகிவிடும். ஆண்டுக்கு ஆண்டு இன்னும் தொலைவு போய்த்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. கராகுலில் நான் சுருண்டு கிடந்த அந்த நாளில், வீட்டுப் பாட்டி ஐந்து தடவை அடுப்பு மூட்டினார். ஐந்தாவது தடவைதான் மூலையில் இருந்த குவியலைக் கவனித்தேன். காலையில் இருந்ததில் பாதி இல்லை. அதற்குப் பிறகு எங்கேயும் ‘இன்னொரு கோப்பை’ என்று கேட்கவில்லை. அவர்களாகக் கொடுத்ததை ஒருபோதும் மறுக்கவும் இல்லை. தங்கிய வீடுகளில் பணம் கொடுத்துவிடுங்கள். சாலையில் கூப்பிட்டுத் தேநீர் தருபவர்கள் பணம் வாங்க மாட்டார்கள், அவர்களுக்காக நல்ல தேயிலைப் பொட்டலங்கள் பையில் இருக்கட்டும்.

ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிப் போனீர்களாமே? (புதுக்கோட்டை)

ஆமாம். 4,344 மீட்டர் கார்குஷ் கணவாயைத் தாண்டி இறங்கினால் வக்கான் பள்ளத்தாக்கு. பஞ்ச் ஆறுதான் எல்லை. சில இடங்களில் கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். இரு கரையிலும் வாழ்பவர்கள் ஒரே மக்கள், வக்கி மொழி பேசுபவர்கள். ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதற்காக, 1895இல் நடுவே ஒரு குறுகிய பட்டையை ஆப்கானிஸ்தானுக்கு ஒதுக்கினார்கள். நம்மை ஆண்டவர்கள் போட்ட கோடு அது. ஒரு மாலையில் அக்கரையில் கழுதை ஓட்டிப் போன சிறுவன் கையசைத்தான். நானும் அசைத்தேன். நெடுந்தூரம் ஒரே திசையில் போனோம், அவன் அங்கே, நான் இங்கே.

பெண் தனியாகத் தங்கினால் அந்த வீடுகளில் எப்படி நடத்துவார்கள்? (வேலூர்)

நேரே அடுப்படிக்கு அழைத்துப் போவார்கள். மேற்குப் பாமீரில் பெரும்பாலோர் இஸ்மாயிலி முஸ்லிம்கள். அவர்களுடைய வீட்டுக்கு ‘சித்’ என்று பெயர். உள்ளே ஐந்து தூண்கள்: நபிகள், அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன். கூரை நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரங்கள் சுழன்று அடுக்கிய வெளிச்சத் திறப்பு. மண், நீர், காற்று, நெருப்பு. அதன் கீழே பெண்களோடு படுத்து, அந்தச் சதுரத்துக்குள் நட்சத்திரம் நகர்வதைப் பார்த்தேன். வீட்டுப் பெண்ணுக்கு எனக்குத் தெரிந்த மொழி ஒன்றும் தெரியாது. என் உள்ளங்கையின் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு வெண்ணெய் தடவிவிட்டார்.

ஆபத்தே இல்லையா? (சென்னை)

இருக்கிறது. 2018 ஜூலையில், பாமீருக்கு மேற்கே துஷன்பே போகும் வழியில் தங்காராவில், சைக்கிளில் வந்த நான்கு வெளிநாட்டினர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நான் போனேன், என் அம்மாவும் படித்திருந்தார். 2021இல் கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் இடையே சண்டை மூண்டு எல்லை மூடப்பட்டது. 2022இல் கோரோக் பகுதியில் கலவரம். விசாவோடு, பாமீர் அடங்கிய தஜிகிஸ்தானின் தன்னாட்சிப் பகுதிக்குத் தனி அனுமதியும் வேண்டும். கிளம்புகிற வாரத்து நிலவரத்தை அரசு அறிவிப்புகளில் பாருங்கள், 2019இல் எனக்குக் கிடைத்த அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள்.

மறுபடியும் போவீர்களா? (தஞ்சாவூர்)

போவேன். கராகுல் பாட்டியைப் படம் எடுத்தபோது, விரலால் செவ்வகம் வரைந்து காட்டித் தாளில் வேண்டும் என்றார். அச்சிட்டு உறையில் வைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்குத் தெருப் பெயரோ கதவு எண்ணோ எனக்குத் தெரியாது. நீல வாசல், ஏரிப் பக்கம் கடைசி வீடு.