டியூட்டி மேல டியூட்டி

ஏழரை, முக்கால், பதினெட்டு. கூட்டினால் இருபத்தாறே கால். திருவொற்றியூரில் இருந்துகொண்டு சீனாவிலிருந்து பேக்கிங் மெஷின் இறக்கி, மிக்சர், மசாலா பாக்கெட் போடுகிறவர்களுக்கு விற்பது என் தொழில். இந்தக் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. கூட்டியதே பிழை.

லட்ச ரூபாய்ச் சரக்குக்கு அடிப்படைச் சுங்க வரி 7,500. அந்த 7,500-க்குப் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, அது 750. ஐஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம் லட்சத்துக்கு அல்ல. இதெல்லாம் ஏறி நிற்கும் 1,08,250-க்கு. அது 19,485. ஆக மொத்தம் 27,735. தம்பு செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ்களில் டீ வாங்கி வருகிற பையனுக்குக்கூட இந்த 27.735 மனப்பாடம். “டியூட்டி மேல டியூட்டி சார், தனித்தனியா கூட்டக் கூடாது” என்றார் எங்கள் கிளியரிங்காரர். நான் பெருமையோடு நீட்டிய எக்ஸெல் ஷீட்டை அவர் கையில்கூட வாங்கவில்லை.

அந்த லட்சமும் தப்பு என்பது பிறகு தெரிந்தது. நான் போட்டது அங்கே கப்பலில் ஏற்றுகிற வரைக்குமான விலை. சுங்கத்துக்கு வேண்டியது கப்பல் வாடகையும் இன்சூரன்சும் சேர்ந்த விலை. காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து இன்சூரன்சே எடுக்காமல் விட்டிருந்தேன். தொகை தெரியாவிட்டால் சரக்கு விலையில் 1.125 சதவீதத்தை அவர்களே இன்சூரன்சாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, எடுக்காத இன்சூரன்சுக்கும் வரி கட்டிய புத்திசாலி நான். டாலர் விலையைச் செல்போனில் பார்த்துப் போட்டிருந்தேன். சுங்கத்துறை அறிவிக்கிற விகிதம் வேறு. சீனாக்காரர் அன்போடு அனுப்பிய உதிரிபாகங்களுக்கு இன்வாய்சில் ‘ஃப்ரீ’ என்று இருந்தது. ஃப்ரீ எனக்குத்தான், வரிக்கு அதற்கும் ஒரு விலை உண்டு.

இவ்வளவுக்கும் 2011-லிருந்து சுய மதிப்பீடு. வரியை நாமே கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும், அவர்கள் சரிபார்ப்பார்கள். என் கணக்கை நம்பி ஓர் அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வரியைச் சரியாகப் போடப் பழகியதும் வியாபாரத்தில் கோட்டை விட்டேன். ஐஜிஎஸ்டியையும் செலவில் ஏற்றி ஒரு முறுக்குக் கம்பெனிக்கு விலை சொன்னேன். அது உள்ளீட்டு வரியாகத் திரும்பி வருகிற பணம். என் கையை விட்டுப் போவது எட்டே கால் சதவீதம்தான். இதைத் தெரிந்துவைத்திருந்த பக்கத்துத் தெரு போட்டியாளருக்கு ஆர்டர் போனது.

ஆனாலும் டியூட்டி மேல் எனக்குக் கோபமில்லை. அது அச்சடித்த கணக்கு. என்னைத் தின்றது நாள் கணக்கு. கப்பல் வருகிற நாளுக்கு முந்தின நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் படிவத்தைப் போட்டாக வேண்டும். “கப்பல் வரட்டும், பாத்துக்கலாம்” என்றிருந்தேன். தாமதத்துக்கு முதல் மூன்று நாள் தினம் 5,000, அப்புறம் தினம் 10,000. அதோடு முடியவில்லை. கன்டெய்னர் பெட்டி கிடக்கிற யார்டுக்கு ஒரு வாடகை, பெட்டியைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனிக்கு இன்னொன்று. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் நிற்கிற டிரெய்லர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். டிரைவர்கள் அடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள். அந்த வரிசை என் விலைப்பட்டியலுக்குள் வரும் என்றுதான் தோன்றவில்லை.

யார்டில் பெட்டி கிடப்பது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2015-ல் சுங்கத்துறையிடம் பறிமுதலான அமோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், மணலியில் பெட்டிகளில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றினார்கள். வட சென்னையே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷத்துக்கு யார்டு வாடகை என்ன ஆகியிருக்கும் என்று நான் பென்சில் எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

இப்போது உஷாராகிவிட்டேன். அடுத்த மெஷினுக்கு பில் ஆஃப் என்ட்ரியை முன்கூட்டியே போட்டாகிவிட்டது. டெலிவரி ஆர்டருக்கும் டிரெய்லருக்கும் பணம் தயார். இன்னொரு முறுக்குக் கம்பெனிக்கு டெலிவரி தேதிகூடச் சொல்லிவிட்டேன். பெட்டி மட்டும் அடுத்த கப்பல் கிடைக்காமல் கொழும்பில் கிடக்கிறதாம்.