கட்டிக்குள் யார்?

கே: கலப்பினக் கிடாரிக்குக் காய்ச்சல், தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவு வீக்கம். வந்த டாக்டர் வெறும் ஊசியைக் குத்தி எடுத்துவிட்டுப் போய்விட்டார். மருந்தே போடவில்லையே! (திருவையாறு)

ப: அவர் குத்தியது போட அல்ல, எடுக்க. அங்கே வீங்கியிருப்பது நிணநீர்க் கணு. ஊசிக்குள் ஏறிய செல்களை ஸ்லைடில் பீய்ச்சி, மெல்லப் பரப்பி, காயவைத்து, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். லிம்போசைட் என்ற வெள்ளணுவுக்குள் நீலத் திட்டுகள் தெரிந்தால் தைலேரியா, உண்ணி கொடுத்த சீர். அதற்குப் பென்சிலின் பலிக்காது, புபார்வகுவோன் வேண்டும். இப்போது சொல்லுங்கள், குத்தியது வீணா?

கே: சீழா, புற்றா என்று செல்லைப் பார்த்தே எப்படிச் சொல்கிறார்கள்? (பாபநாசம்)

ப: சீழ் என்றால் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் கூட்டம், திருவிழா நெரிசல். சுற்றிலும் பாக்டீரியா தெரிகிறதே என்று குதிக்கக் கூடாது. அது தோலிலிருந்தோ சாயக் குப்பியிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நியூட்ரோபிலின் வயிற்றுக்குள் கிடந்தால்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது.

புற்றை நாற்றங்காலை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று ஏறக்குறைய ஒரே உயரம் இருக்கும். சாதுவான கட்டியின் செல்களும் அப்படித்தான். ஒன்று சாண், ஒன்று முழம், இன்னொன்றில் மூன்று உட்கரு என்று நின்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கடும் அழற்சியிலும் நல்ல செல்கள் கோணல்மாணலாகிவிடும். அப்போது சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

கே: பாலிலும் செல் எண்ணுவார்களாமே? (கும்பகோணம்)

ப: ஆமாம். ஒரு மில்லியில் 2 லட்சத்தைத் தாண்டினால் மடிநோய் என்று சந்தேகப்படுவார்கள். நல்ல பாலிலும் செல் உண்டு. டிகிரி காபி கையில் இருக்கும்போது இதை யோசிக்க வேண்டாம்.

கே: தெரு நாய்க்குப் பிறப்புறுப்பில் காலிபிளவர் போலக் கட்டி, ரத்தம் சொட்டுகிறது. தொற்றுமா? (பட்டுக்கோட்டை)

ப: மற்ற நாய்க்குத் தொற்றும். இதில் பரவுவது கிருமி அல்ல, புற்றுச் செல்லே! இணைசேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குக் குடிபெயர்கிறது. ரஷ்யாவின் நொவின்ஸ்கி 1876லேயே நாய்க்கு நாய் ஒட்டிக் காட்டிவிட்டார். ஸ்லைடில் வட்டச் செல்கள், அவற்றுக்குள் முத்துக் கோத்த மாதிரி வெற்றுக் குமிழிகள். பார்த்துப் பழகியவருக்கு நிமிட வேலை. வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, சில வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். அந்த மருந்து நம் வேலியோர நித்தியகல்யாணியிலிருந்து வருவதுதான். உடனே அம்மியைத் தேடாதீர்கள்! டன் கணக்கில் இலை அரைத்தாலும் சில கிராம்தான் தேறும், செடியோ நஞ்சு.

கே: எங்கள் மாடு என்னைவிடச் சத்தமாகக் குறட்டை விடுகிறது. மூக்கில் புற்றா? (மன்னார்குடி)

ப: டெல்டாவில் முதலில் நத்தையைச் சந்தேகப்படுங்கள். வயல் தண்ணீரில் நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வளர்ந்த புழு மூக்கின் ரத்தக் குழாய்களில் குடியிருக்கும். முட்டைகளைச் சுற்றிச் சதை தடித்து மூச்சை அடைக்கும். சளியைத் தடவிப் பார்த்தால் வளரி போல வளைந்த முட்டை தெரியும். சென்னை கால்நடைக் கல்லூரியின் எம்.ஏ.என். ராவ் 1933ல் விவரித்த புழு இது. எருமைக்கும் வரும், அது பெரும்பாலும் காட்டிக்கொள்ளாது. எருமைக் குணம்!

கே: இந்தச் சோதனைக்கெல்லாம் சென்னைக்கா ஓடுவது? (பேராவூரணி)

ப: ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! ஒன்று மட்டும்: சதைத் துண்டு போட்ட பார்மலின் பாட்டிலையும் ஸ்லைடையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுப் பஸ் ஏறாதீர்கள். பாட்டிலின் ஆவி பட்டாலே ஸ்லைடில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது.