ஓதம்

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். அந்தப் பக்கம் மாமியின் தண்ணீர்த் தொட்டி, இந்தப் பக்கம் எங்கள் அரிசி டின். 1983 கோடையில் ஒருநாள் காலை அம்மா டின்னை நகர்த்தினாள். சுவர் ஓதம் காத்திருந்தது. தொட்டால் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது.

அந்த வருஷம் மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம். முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்து ஏரிகள் வற்றிவிட்டன. விடியுமுன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். நிறைந்திருக்கும் தொட்டியை இறைத்துவிடுங்கள் என்று அப்போது யாரிடம் போய்ச் சொல்வது? அப்பா தயங்கினார். அம்மாதான் போனாள். மாமி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஐயோ, அரிசிக்குப் பக்கத்துலயா!" என்றாள். வேறு பேச்சே இல்லை.

அன்று சாயங்காலமே தொட்டி காலி. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. எங்கள் வீட்டு அண்டா, குண்டான், பால் காய்ச்சும் பாத்திரம் வரை நிரப்பி வைத்தோம். மறுநாள் கொத்தனார் வந்து தொட்டி மூலையில் இருந்த விரிசலைக் கொத்திச் சிமெண்டு பூசினார். பூச்சு இறுகும்வரை மாமி வீட்டார் எங்கள் அண்டாவிலிருந்துதான் மொண்டு போனார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். ஆடி முடிவதற்குள் அந்தச் சுவர் உலர்ந்துவிட்டது.

நாற்பது வருஷம் கழித்து, மடிப்பாக்கத்தில் அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில், என் படுக்கையறைக் கூரையில் ஒரு மஞ்சள் வட்டத்தைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவு. நேர் மேலே மூன்றாவது மாடியின் பாத்ரூம். அன்றே பென்சிலால் வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த வாரம் கறை கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு, இன்னொரு தேதி. யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

மேலே போய்ச் சொன்னேன். வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதி, நல்ல மாதிரி. "ஆன்ட்டி, எங்க பாத்ரூம் தரை காஞ்சுதானே இருக்கு?" என்று கதவைத் திறந்து காட்டினாள் அந்தப் பெண். உண்மைதான், காய்ந்துதான் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூரில். நான் அனுப்பிய போட்டோக்களுக்கு 'பார்க்கிறேன்' என்று பதில் வரும். சங்கச் செயலாளரோ, இது இரண்டு வீட்டு விவகாரம், பொதுக் குழாய் என்றால்தான் சங்கம் தலையிடும் என்றார். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று.

குற்றம் அவர்கள் கண்ணில் இல்லை, கட்டுகிற முறையில் இருக்கிறது. அந்தக் காலத்து இரும்புக் குழாய் சுவர்மேலேயே ஓடும். ஒழுகினால் எல்லார் கண்ணிலும் படும். இப்போது பாத்ரூம் தரையை ஏறக்குறைய ஒரு அடி இறக்கி வார்த்து, குழாய்களைப் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் நீர் அந்தக் குழியில் தேங்கிக் கிடக்கும். மேலே ஒன்றும் தெரியாது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உப்பி, கூரைப் பூச்சைப் பிளந்து தள்ளும். வெறும் பெயிண்ட் பிரச்சினை என்று ஆறப்போடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

வயதான பிளம்பர் ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். முதலில் மேல் வீட்டு வால்வை ஓர் இரவு மூடினார். கசிவு நிற்கவில்லை. குழியில் தேங்கியதே பல நாள் ஒழுகும் என்பதால் அதை வைத்து முடிவு சொல்ல மறுத்தார். பிறகு தரை ஜாலியில் நீலப் பொடியைக் கரைத்து ஊற்றினார். ஒருநாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை என் கூரையில் நீலம் பூத்தது. நல்ல தண்ணீர்க் குழாயில் குறையில்லை, கழிவுநீர் இறங்கும் ஜாலியைச் சுற்றித்தான் ஓட்டை.

மேலே ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்தேன். நாற்காலி மேல் ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்தாள். நீலம் ஒட்டிய கையைப் பார்த்தபடியே நின்றாள்.

"இத்தனை நாள் இதுக்குக் கீழயா தூங்குனீங்க?"

இறங்கியதும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். நான் அனுப்பிய போட்டோக்களால் ஆகாதது அந்த ஒரு போனில் ஆயிற்று. டைல்ஸை உடைத்து, ஈர ஜல்லியை அள்ளி, ஜாலியைப் புதிதாகப் பதித்து, நீர்த்தடுப்புப் பூசி, ஒருநாள் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்த பிறகே மறுபடி டைல்ஸ் ஒட்டினார்கள். அந்த ஒன்பது நாளும் அவர்கள் எங்கள் வீட்டில்தான் குளித்தார்கள்.

கூரை நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழே வந்து தொட்டுப் பார்த்தாள். மாசி மாதம் ஒருநாள் கை வைத்துவிட்டு, "பென்சில் குடுங்க ஆன்ட்டி" என்றாள். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், என் கையெழுத்துக்குக் கீழே, அன்றைய தேதியை எழுதினாள்.