தாடை மாஸ்க் தலபுராணம்

மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொள்ளும் கலை நம் கண்டுபிடிப்பு என்று 2020இல் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தோம். மன்னிக்கவும். அதற்கு 102 வருஷத்துக்கு முன்பே சான்ஃபிரான்சிஸ்கோக்காரர்கள் அதில் கரைகண்டுவிட்டார்கள்.

1918 அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ அந்த ஊரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நகர சுகாதார அதிகாரி டாக்டர் வில்லியம் ஹாஸ்லருக்கு மாஸ்க் என்றால் குலதெய்வம். காயத்துக்குக் கட்டுப் போடும் வலைத்துணியை நாலாக மடித்து மூக்கில் கட்டினால் 99 சதவீதம் பாதுகாப்பு என்று, மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் முதலான பெரிய மனிதர்களின் பெயரில் பத்திரிகை விளம்பரமே வந்தது. மிச்ச ஒரு சதவீதம் ஆண்டவன் பங்கு போலிருக்கிறது. அன்றைய டாக்டர்கள் பலர் சந்தேகப்பட்டது ஒரு பாக்டீரியாவை. நிஜக் குற்றவாளியான வைரஸ் மனிதரிடம் பிடிபட்டது 1933இல்தான்.

சட்டம் வந்தது. பொது இடத்தில் மாஸ்க் இல்லையென்றால் 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது 10 நாள் ஜெயில். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம்; அந்த நேரத்தில் கிருமியும் சாப்பிடப் போய்விடும் என்று நம்பினார்கள் போல. சுருட்டுப் பிரியர்கள் மாஸ்க்கில் ஓட்டை போட்டுப் புகைவிட்டார்கள். மற்றவர்கள் தாடையில் தொங்கவிட்டார்கள். போலீஸ் பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளியதில் ஜெயிலில் கூட்டம் பிதுங்கியது. கிருமி பரவ இதைவிட வசதியான இடம் வேறென்ன வேண்டும்?

அக்டோபர் 28 அன்று மாஸ்க் போட மறுத்த கொல்லர் ஒருவருக்கும் சுகாதார ஆய்வாளர் ஒருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, ஆய்வாளர் துப்பாக்கியால் சுட்டேவிட்டார். கொல்லர் பிழைத்துக்கொண்டார். வழக்கு? சுட்டவர் மேலும் உண்டு, சுடப்பட்டவர் மேலும் உண்டு. அரசாங்கம் பாரபட்சம் பார்க்கவில்லை.

நவம்பரில் ஒரு குத்துச்சண்டை. புகைப்படக்காரர் ஒருவர் முன்வரிசையைப் பளிச்சென்று படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால், மூக்கும் வாயும் மூடாத பெரிய மனிதர்கள் வரிசையாக! நடுவில் மேயர், கூடவே நம் குலதெய்வப் பூசாரி ஹாஸ்லர். மேயருக்கு 50 டாலர் தண்டம், பூசாரிக்கு 5. எனக்கென்னவோ தொகையை மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்று படுகிறது.

நவம்பர் 21 பகல் 12 மணிக்கு, மாஸ்க் சட்டம் முடிந்தது என்று சங்கு ஊதியது. ஊரே மாஸ்க்கைக் கழற்றித் தெருவில் வீசியது. நோய்க்கு அந்தச் சங்கு கேட்கவில்லை. ஜனவரியில் திரும்பி வந்தது, பின்னாலேயே சட்டமும். இந்தத் தடவை மக்கள் ‘மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்’ ஆரம்பித்துவிட்டார்கள். தலைவி ஹாரிங்டன் அம்மையார். ஜனவரி 25 அன்று ஒரு ஸ்கேட்டிங் அரங்கில் 2,000 பேருக்கு மேல் கூடினார்கள். மனு கொடுப்பதா, ஹாஸ்லரின் பதவியையே பறிப்பதா என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். எதிர்க்க ஒரு சங்கம் இருந்தால், அதற்குள் இரண்டு கோஷ்டி இல்லாமலா?

பிப்ரவரி 1 அன்று சட்டம் ரத்தானது. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால், அந்த ஒரு நகரத்தில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். அந்த இடத்தில் நமக்கும் சிரிப்பு வரவில்லை.

மாஸ்க் இல்லாமல் படத்தில் சிக்கிய ரால்ஃப் 1931 வரை மேயராகவே இருந்தார். பிறகு கலிஃபோர்னியாவுக்கே கவர்னரானார்.