நிற்பதே காட்சி: லண்டன் சுற்றுலாப் பேருந்தைத் தேர்வது பற்றிய ஓர் ஆய்வு

லண்டனில் ஊர் சுற்றிக் காட்டும் மொட்டை மாடிப் பேருந்துகளில் எதில் ஏறுவது என்ற கேள்வி, அதற்குத் தகுந்த தீவிரத்தோடு இதுவரை ஆராயப்படவில்லை. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ பிள்ளை வீட்டில் வந்திறங்கிய பெற்றோரை ஒரு சனிக்கிழமை இதில் ஏற்றிவிடுவது வழக்கம். எந்தப் பேருந்து என்பது முந்தின நாள் இரவு, சாப்பிட்ட கை காய்வதற்குள் முடிவாகிவிடுகிறது. இத்துறையில் இரண்டு மரபுகள் உண்டு. விலைவாதிகள் டிக்கெட்டில் எவ்வளவு தள்ளுபடி என்று பார்ப்பார்கள். நிறுத்தவாதிகள் எத்தனை வழித்தடம், எத்தனை நிறுத்தம், தேம்ஸில் படகுச் சவாரி சேர்த்தியா என்று எண்ணுவார்கள். இரு சாராருக்கும் ஜென்மப் பகை இருப்பதுபோல் தோன்றினாலும் அடியில் ஒரே தவறான கொள்கையைத்தான் நம்புகிறார்கள்: பேருந்து என்றால் ஓட வேண்டும் என்பது. அலுவலகத்துக்குப் போகிறவருக்கு அது சரி. ஊர் பார்க்க வந்தவருக்கு ஓடும் பேருந்தால் ஒரு பயனும் இல்லை; பேருந்து நிற்கும்போதுதான் அவர் எதையாவது பார்க்கிறார். ஆகவே எந்தப் பேருந்து, எந்த நேரத்தில், எந்தத் தெருவில் அதிக நேரம் அசையாமல் கிடக்குமோ அதையே தேர்வது அறிவுடைமை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றுக்கு ஃப்ளீட் ஸ்ட்ரீட்டை எடுத்துக்கொள்வோம். இதன் வடபுறத்தில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயம் இருக்கிறது. 1671இல் வைத்த அதன் கடிகாரம் தெருவுக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மாடத்தில் கையில் தண்டாயுதத்தோடு இரண்டு பிரம்மாண்ட ஆசாமிகள் நிற்கிறார்கள். கால் மணிக்கு ஒரு தரம் தலையைத் திருப்பி மணியை அடிப்பார்கள். இப்போது கணக்குப் போடலாம். லண்டன் சிட்டி பகுதியில் 2014 முதல் வேகவரம்பு மணிக்கு 20 மைல். இந்தச் சாதுவான வேகத்தில்கூடப் பேருந்து விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் போய்விடும். தேவாலய முகப்பு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பார்க்கக் கிடைப்பது இரண்டேகால் விநாடி. அதற்குள் வழிகாட்டி ‘உங்கள் இடப்பக்கம்’ என்பார். அம்மா வலப்பக்கம் திரும்புவார். அப்பா சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் துழாவுவார். முன்வரிசைக்காரர் படமெடுக்க எழுந்து நிற்பார். மணியடிக்கும் வேளையும் அந்த விநாடிகளும் ஒன்றாக வாய்க்கும் சாத்தியம் நானூற்றில் ஒன்று. முன்னால் ஒரு லாரி சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கத் திணறி, பேருந்து ஐந்து நிமிடம் அங்கேயே மாட்டிக்கொண்டால் அது மூன்றில் ஒன்றாகிறது. அதாவது ஒரு சாதாரண நெரிசல், காட்சி கிடைக்கும் வாய்ப்பை நூறு மடங்குக்கு மேல் உயர்த்திவிடுகிறது. எந்தத் தள்ளுபடிக் கூப்பனாலும் இது ஆகாது.

நகரமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்குக் கல்லும் கண்ணாடியுமாகச் சான்று உண்டு. லெடன்ஹால் தெருவில் 2014இல் முடிந்த 225 மீட்டர் உயரக் கட்டடம், மேலே போகப் போக ஒரு பக்கமாகச் சாய்ந்து குறுகுகிறது. ஊர்க்காரர்கள் சீஸ் துருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது செயின்ட் பால் பேராலயக் கும்மட்டத்தை நெருக்கக் கூடாது என்பதே சாய்வுக்குக் காரணம். லண்டன் நடுவே வாடகைக்கு விடக்கூடிய இடத்தை மாடி மாடியாகச் சீவி எறிந்தது யாருக்காக? நடைபாதையில் போகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். கார்க்காரருக்குக் கூரை மறைக்கிறது. அத்தெருவில் வேறு வேலையின்றி, கிழக்கே முகம் வைத்து, தலைக்கு மேல் தடையில்லாமல் உட்கார்ந்திருப்பவர் மொட்டை மாடிப் பயணி ஒருவர்தான். அவர் அங்கே நிற்காமல் போவது, விருந்துக்கு வந்து இலையை மடித்துவிட்டு எழுவதற்குச் சமம்.

டவர் பாலம் தரும் சான்று இன்னும் வலுவானது. 1894இல் திறந்த இந்தப் பாலம் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முறை தூக்கப்படுகிறது. தண்ணீரில் போகிறவருக்கே முன்னுரிமை, தரையில் போகிறவர் நின்றே ஆக வேண்டும். 1997 மே மாதம் அமெரிக்க அதிபர் கிளின்டனின் கார் வரிசையே பாலம் தூக்கியதில் இரண்டாகப் பிரிந்து காத்துக்கிடந்தது. அவருடைய பாதுகாவலர்கள் அதை இடைஞ்சல் என்று கருதியிருக்கலாம். சுற்றுலாவியல் நோக்கில் அந்தப் பயணத்தின் உச்சம் அதுவே. நிற்காமல் போனதால் வந்த நஷ்டத்துக்கும் முன்னுதாரணம் இதே பாலத்தில்தான் இருக்கிறது. 1952 டிசம்பரில் 78ஆம் எண் பேருந்து பாலத்தின் மேல் இருக்கும்போதே பாலம் எழத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் ஆல்பர்ட் கன்டர் வேகத்தைக் கூட்டி இடைவெளியைத் தாண்டி மறுபாதியில் கொண்டுபோய் இறக்கினார். அவருக்குப் பத்துப் பவுன் பரிசும் கொடுத்தார்கள். தீரச்செயல், ஐயமில்லை. ஆனால் பயணிகள் பாலம் தூக்குவதைப் பார்த்தார்களா? இல்லை. அதன்மேலேயே இருந்தும் பார்க்கவில்லை.

இனி மறுப்புகள். நிற்பதுதான் வேண்டுமென்றால் டிராஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் சிவப்புப் பேருந்தில் ஏறலாமே, அதுவும் இதே ஃப்ளீட் ஸ்ட்ரீட் வழியாகத்தானே டவருக்குப் போகிறது, 2023இல் உயர்த்தியபோதும் கட்டணம் 1.75 பவுன்தானே, சுற்றுலாப் பேருந்துக்கு அதைப்போலப் பல மடங்கு ஏன் அழ வேண்டும் என்பர். வலுவான மறுப்பு, நம் வீடுகளில் இதை எழுப்பாத தகப்பனார் இல்லை. சிவப்புப் பேருந்தும் நிற்கத்தான் செய்கிறது. இடைவெளியைச் சீராக்கச் சற்று நேரம் இங்கே நிற்கும் என்று அறிவித்துவிட்டே நிற்கும். குறை அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது. அங்கே நிற்பது மன்னிப்புக் கோர வேண்டிய குற்றம். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் பெருமூச்சு விட்டு மணி பார்க்கிறார்கள். அந்தப் பெருமூச்சுகளின் நடுவே தண்டாயுத ஆசாமிகளை ரசிக்கக் கல்நெஞ்சம் வேண்டும். கட்டண விதியும் நிற்பவருக்குப் பகை: ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம் என்பதால், நெரிசலில் போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சலுகையை அரித்துத் தின்கிறது. சுற்றுலா டிக்கெட்டில் விற்பது தூரம் அன்று, ஒரு நாள். நின்றாலும் ஓடினாலும் நாள் நாள்தான். பத்து மைல் போகிறவருக்கும் இரண்டு மைலில் உறைந்து கிடப்பவருக்கும் ஒரே விலை. பின்னவரே அதிகம் பார்க்கிறார்.

நடந்து போனால் நினைத்த இடத்தில் நிற்கலாமே என்பது அடுத்த மறுப்பு. லண்டன் நடைபாதையில் நின்று பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். பின்னால் வருகிறவரின் ‘சாரி’ என்ற சொல்லில் எத்தனை வசை அடங்கும் என்பது அவருக்குத் தெரியும். மேலும் இந்நகரம் தன் அலங்காரங்களை முதல் மாடிக்கு மேலேதான் வைத்திருக்கிறது. தரைமட்டத்தில் சாண்ட்விச் கடைகளே. மழை பெய்தால் என்ன செய்வது என்பார்க்கு: லண்டனின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர், சென்னையில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல். வடகிழக்குப் பருவமழையில் ஸ்கூட்டர் ஓட்டிய சமூகம் தேம்ஸ் கரைத் தூறலுக்கு அஞ்சுவது அழகல்ல. நியாயமாக அஞ்ச வேண்டியது அரசாங்கத்துக்குத்தான். 2003 பிப்ரவரியில் நகர நடுவே நுழையும் வாகனங்களுக்கு 5 பவுன் நெரிசல் கட்டணம் விதித்தார்கள். கட்டணம் பிறகு மேலும் ஏறியது. நெரிசலை ஒழிப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். காட்சியின் வேரிலேயே கோடரி வைத்த இத்திட்டம் முழு வெற்றி பெறவில்லை என்பது ஆறுதல்.

இவற்றிலிருந்து தேர்வுமுறை தானாகவே வந்துவிடுகிறது. ஞாயிறு காலை கூடவே கூடாது. தெருக்கள் காலியாகக் கிடக்கும், பேருந்து பறந்துவிடும். வேலைநாள் பிற்பகல், டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு நோக்கிப் போகும் பேருந்து, மேல்தளத்தில் இடப்பக்க இருக்கை. அங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் செயின்ட் டன்ஸ்டன் கை எட்டும் தூரத்தில் வரும். டவர் பாலம் தூக்கும் நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். மற்றவர்கள் தப்பிக்கப் பார்க்கும் அட்டவணையை நாம் மாட்டிக்கொள்ளப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காதில் மாட்டும் பதிவுக் குரலைவிட உயிருள்ள வழிகாட்டி இருக்கும் பேருந்து மேல். பதிவுக் குரல் இடத்தைக் கண்டால்தான் பேசும். வண்டி நின்றால் பாட்டுப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மனிதரோ மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருக்க முடியாது. மனப்பாடம் தீர்ந்தபிறகு அவர் சொல்லத் தொடங்கும் விஷயங்களில்தான் ஊர் இருக்கிறது: எந்த மதுக்கடையில் எந்தப் பத்திரிகைக்காரர்கள் குடித்தார்கள், இந்தத் தெருவில் இப்போது வாடகை என்ன, தன் சம்பளம் என்ன.

இக்கொள்கைக்கு அடங்காத மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. பேருந்தில் கழிப்பறை கிடையாது. வழிகாட்டி எவ்வளவு நன்றாகப் பேசுகிறாரோ, நெரிசல் எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த மறுப்பும் வலுக்கிறது. வேண்டிய இடத்தில் இறங்கி ஏறலாம் என்பதெல்லாம் நிறுத்தத்தில்தான். இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே ஓட்டுநர் கதவைத் திறக்கமாட்டார். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் வயதில் இது கோட்பாட்டுப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே, மறுநாள் காலைக் காப்பியை அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளும்படி பெரியவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது. அதை மகன் சொல்வதா மருமகள் சொல்வதா என்பது தனி ஆய்வுக்குரியது.