லெய்டன் நகரத்துக் கழிப்பறைக் காலண்டர்: பல்லாவரத்துப் பார்வையில் ஓர் ஒப்பாய்வு

இந்தியத் தொல்வரலாற்று ஆய்வு பல்லாவரத்தில் தொடங்குகிறது. ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் கன்டோன்மென்ட் மைதானத்துப் பக்கம் சரளைக்காகத் தோண்டியிருந்த குழியில் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது பழைய கற்காலக் கைக்கோடரி. அந்த நாளுக்குப் பிறகுதான் இந்தியாவுக்கும் பழைய கற்காலம் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது. எல்லாரும் மிதித்துப்போனதை ஒருவர் குனிந்து எடுத்துப் பார்ப்பது என்ற இந்த ஆய்வுநெறி பல்லாவரத்துக்காரர்களின் பிதிரார்ஜிதம். பிழைப்புக்காக நெதர்லாந்தின் லெய்டன் நகரில் குடியேறியிருக்கும் இவ்வாய்வாளரும் அந்த நெறியையே பின்பற்றியிருக்கிறார். குனியவில்லை, உட்கார்ந்தார். அது ஒன்றுதான் வேறுபாடு.

லெய்டனில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள பல்கலைக்கழகம் 1575இல் தொடங்கியது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை இராசராச சோழன் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் டச்சுக்காரர்கள் வழியாக அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள், முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறியதில் 3. உலகம் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்றே அழைக்கிறது. அந்த ஏடுகளை எழுத்தெழுத்தாகப் படித்த அறிஞர் உலகம், அதே ஊரில் வீட்டுக்கு வீடு தொங்கும் இன்னோர் ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. இதைத்தான் ஆய்வு இடைவெளி என்பது. இடைவெளி ஒன்றைக் காட்டாமல் எந்த ஆய்வேடும் தேறாது என்பதை எம்.ஃபில். எழுதியவர்கள் அறிவார்கள்.

அந்த ஆவணம் பிறந்தநாள் காலண்டர். நீளவாக்கில் தொங்கும் பன்னிரண்டு தாள்கள், மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தாளிலும் தேதி எண்கள் மேலிருந்து கீழாக இறங்கும். எண்ணுக்கு எதிரே ஒரு கோடு. கோட்டின் மேல் அன்றைக்குப் பிறந்தவரின் பெயர். கிழமை இல்லை, ஆண்டும் இல்லை. ஆண்டு இல்லாததால் பழசாவதும் இல்லை. ஹேமா போன்ற கடையில் ஒன்றை வாங்கி மாட்டினால் பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்வரை உழைக்கும். காசு விஷயத்தில் டச்சுக்காரர்களுக்கு உள்ள பேருக்கு இந்தக் கண்டுபிடிப்பு ஒன்றே போதும். மாட்டும் இடம் கழிப்பறை. உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேரே, அல்லது தலையை லேசாகத் திருப்பினால் தெரிகிற பக்கச் சுவரில்.

கள ஆய்வில் சில தடைகள் இருந்தன. டச்சு வீடுகளில் குளியலறை பெரும்பாலும் மாடியில் தனியாக இருக்கும்; கழிப்பறை வாசல் கதவை ஒட்டி, ஒரு ஆள் திரும்ப முடியாத அளவில் இருக்கும். விருந்தாளிக்கு அங்கே போக உரிமை உண்டு. ஆனால் ஒரு மாலைக்கு ஒரு முறைதான் போகலாம். இரண்டாம் முறை போனால் வீட்டுக்காரர் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். மூன்றாம் முறை கையில் குறிப்பேட்டோடு போனால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஒரு வருகையில் ஒரு மாதத் தாளைத்தான் படிக்க முடிந்தது. மற்ற மாதங்களைப் புரட்டிப் பார்த்தது ஆய்வறத்துக்கு உட்பட்டதா என்பதை நெறிமுறைக் குழு முடிவுசெய்யட்டும்.

ஏன் கழிப்பறை? டச்சுக்காரர்களைக் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். வேறெங்கே மாட்டுவது என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. தினமும் தவறாமல் போகிற இடம், போனால் வேறு வேலை இல்லாத இடம் என்பது ஒரு கருதுகோள். இதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை. நம் ஊரிலும் தினமும் போகத்தான் போகிறோம். என் பெயர் இவர்கள் வீட்டில் இருக்கிறதா என்று வருகிறவர்கள் ஓசைப்படாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. கூடத்தில் மாட்டியிருந்தால் அதை நின்று தேட முடியாது, கௌரவக் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு தேடலாம். இது ஓரளவு ஏற்கத் தக்கது.

ஆனால் உண்மைக் காரணம் ஈரம் என்பதே இவ்வாய்வின் துணிபு. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நாகரிகம் கழிப்பறையில் தாளை மாட்ட முடியாது. பல்லாவரத்து வீட்டில் வாளியும் சொம்பும் குழாயும் இருக்கும் அறையில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஜனவரித் தாள் பொங்கலுக்குள் நைந்துவிடும். பிப்ரவரி அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டச்சுக் கழிப்பறையில் தரை காய்ந்து கிடக்கிறது. அங்கே புழங்குவதே தாள்தான். ஒரு தாளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு தாள் தொங்குவதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. மானிடவியலாளர்கள் அரிசி உண்பவர், கோதுமை உண்பவர் என்று உலகைப் பிரித்துக்கொண்டிருக்கட்டும். கோடு வேறு இடத்தில் ஓடுகிறது.

இனி ஒப்பீடு. தமிழ்நாட்டு வீட்டில் தொங்குவது சிவகாசி தினசரிக் காலண்டர். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுவது அவ்வூர் அச்சகங்களின் வழக்கம். டிசம்பர் கடைசியில் நகைக்கடையோ மளிகைக்கடையோ சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கையில் கொடுக்கும். மேலே சாமி படம், கீழே கிழிக்கும் தாள். தாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சூலம், அதற்குப் பரிகாரம், சந்திராஷ்டமம் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை மேற்கே போகக் கூடாது. போயே ஆகவேண்டுமானால் வெல்லம். இத்தனையும் இருக்கிற தாளில் உங்கள் சித்தி பெயரை எழுத இடம் இல்லை. டச்சுக் காலண்டர் யாரை மறக்கக் கூடாது என்று சொல்கிறது. நம் காலண்டர் எப்போது வெளியே கிளம்பக் கூடாது என்று சொல்கிறது. எது மேல் என்று ஆய்வாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு நம்முடையதுதான் வேண்டும், கிழிக்கிற சுகத்துக்காகவாவது.

ஒரு கிளைக்குறிப்பு. சிவகாசிக் காலண்டர் லெய்டனில் செல்லுபடியாகாது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்பது சூரியன் ஆறுக்கு எழுந்து ஆறுக்கு விழும் ஊருக்கான கணக்கு. லெய்டனில் டிசம்பர் கடைசியில் எட்டே முக்காலுக்குத்தான் விடிகிறது. ராகு வந்து வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்ட பிறகு சூரியன் எட்டிப் பார்க்கிறான். பகலை எட்டாகப் பிரித்து ஒரு பங்கு ராகுவுக்கு என்று முறைப்படி கணக்குப் போட்டாலோ, குளிர்காலத்தில் அவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. ஜூனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. ஐரோப்பியத் தொழிலாளர் சட்டங்களுக்கு இது உடன்பாடுதானா தெரியவில்லை.

காலண்டரில் பெயர் ஏறியவருக்கு நடப்பது தனிச் சடங்கு. நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். வருகிறவர் வட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். பிறந்தவருக்கு மட்டுமல்ல, அவர் மனைவிக்கு, அம்மாவுக்கு, மச்சானுக்கு, மச்சானோடு வந்த பெண்ணுக்கு என்று எல்லாருக்கும். ஒருவர் பிறந்ததற்கு ஒரு குடும்பமே பொறுப்பு என்ற தத்துவம் இதில் இருக்கிறது. நம் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கண்டு வணங்காவிட்டால் வருகிற வினையை நினைத்தால் இது புரியாததல்ல. பிறகு ஒரு துண்டு கேக், ஒரு கோப்பை காபி. கேக் இரண்டாம் முறை சுற்றி வரும் என்று காத்திருப்பது வெளிநாட்டவரின் அடையாளம். அலுவலகத்தில் பிறந்தநாள் கொண்டாடுபவரே தன் காசில் கேக் வாங்கி வருகிறார். இங்கே மட்டும் தமிழனும் டச்சுக்காரனும் ஒரே சாதி: பள்ளிக்கூடத்தில் மிட்டாய் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போனவர்கள்தானே நாம்.

ஒருவர் பெயர் இந்தக் காலண்டரில் ஏறச் சாதாரணமாக ஆண்டுகள் பிடிக்கும். ஏறிவிட்டால் அந்தத் தெருவுக்குள் அவர் வந்துவிட்டார் என்று பொருள். நகராட்சிப் பதிவும் குடியிருப்பு அட்டையும் அரசு கொடுப்பவை. இது மனிதர் கொடுப்பது. அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், தம் காலண்டரில் என் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார். பென்சிலில் அல்ல. ஆய்வாளருக்கு இது பெரிய தரவு.

அந்தத் தரவைப் பல்லாவரத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவும் பார்த்துவிட்டார். காபிக்கு அழைத்திருந்தார்கள், உள்ளே போன அம்மா வெளியே வரும்போது முகம் சரியில்லை. வீடு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டார்.

“ஏண்டா, அந்தம்மாவுக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா?”

“இல்லையேம்மா.”

“அப்புறம் எதுக்கு உன் பேரைக் கக்கூஸ்ல எழுதி வெச்சிருக்காங்க?”

விளக்கினேன். பெயருக்குப் பக்கத்தில் அவருடைய மகள், பேரன் பெயரெல்லாம் இருப்பதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “சொந்தப் பேரனையுமா?” என்றார். அத்தோடு அவருக்கு அந்த அம்மையார் மேல் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது.

இரக்கம் முற்றி, எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு காலண்டர் வந்தது. அந்த அம்மையாரே பரிசளித்தார். அம்மா ஆணி அடிக்கச் சொன்ன இடம் சமையலறை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த கான்கிரீட் ஆணி அதற்குப் பயன்பட்டது. ஏன் கொண்டுவந்தார் என்று கேட்பவர்கள் அந்தச் சந்தைக்குப் போனதில்லை என்று அர்த்தம். பெயர்களை எழுத உட்கார்ந்தபோதுதான் ஆய்வின் மையச் சிக்கல் வெளிப்பட்டது. அப்பாவை எந்தத் தேதியில் எழுதுவது?

அப்பாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஜூன் 2. அவர் தலைமுறையில் தமிழ்நாட்டின் கணிசமான பேர் மே, ஜூனில்தான் பிறந்தார்கள். காரணம் உயிரியல் அல்ல. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்தது என்று தலைமை ஆசிரியர் எழுதிக்கொண்டார். பள்ளி திறப்பது ஜூனில். அரசு அலுவலகங்களில் மே 31, ஜூன் 30 ஆகிய நாட்களில் சால்வையும் மாலையும் குவிந்ததற்கு இந்தக் காதுதான் பொறுப்பு. நெதர்லாந்தில் நெப்போலியன் ஆட்சியின்போது 1811லேயே குடிமைப் பதிவு நாடெங்கும் வந்துவிட்டது. இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. இடைப்பட்ட காலத்தைக் காது நிரப்பியது.

இரண்டாவது, ஜாதக நோட்டில் உள்ள ஆகஸ்ட் 29. ஆனால் அம்மா அந்த நாளில் பாயசம் வைத்ததே இல்லை. அவர் கணக்கில் அப்பாவின் பிறந்தநாள் ஆவணி மாதம் கேட்டை. நிலா இருபத்தேழு நாளும் சொச்சமும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே கேட்டை ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வரும், சில ஆண்டு ஒரே மாதத்தில் இரண்டு முறையும் வரும். எந்த ஆண்டுக்கும் பொருந்தும் காலண்டரில், எந்த ஆண்டும் ஒரே தேதியில் நிற்காத மனிதரை எப்படி எழுதுவது? பென்சிலாலும் முடியாது.

இது எங்கள் வீட்டுச் சிக்கல் மட்டுமல்ல. இராசராச சோழன் பிறந்தது ஐப்பசிச் சதயம். தஞ்சையில் சதய விழா அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. மகன் இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. ஆனைமங்கலத்தை 21ஆம் ஆட்சியாண்டில் வாய்மொழியாகக் கொடுத்தவர் தந்தை, செப்பேட்டில் வெட்டுவித்தவர் மகன். இருவர் பெயரையும் லெய்டனுக்குக் கொண்டுவந்தவை அந்த ஏடுகள். அந்த ஊரின் எந்தக் கழிப்பறைக் காலண்டரிலும் இவர்கள் இருவரையும் ஏற்ற முடியாது. பல்லாவரத்துக் கைக்கோடரிக்கு இந்தத் தொல்லை இல்லை. மே 30 என்று எழுதிவிடலாம். ஆண்டு கேட்காத காலண்டராக இருப்பதால் பல இலட்சம் ஆண்டு வயதும் இடிக்காது.

அடுத்த வீட்டு அம்மையாரிடம் சிக்கலைச் சொன்னபோது அவர் அசரவில்லை. ஜூன் 2, ஆகஸ்ட் 29 இரண்டிலும் அப்பா பெயரை எழுதிக்கொண்டார். இரண்டு நாளும் எங்களுக்குக் கை கொடுத்தார். பல்லாவரத்துக்கு இரண்டு வாழ்த்து அட்டைகள் போயின. மூன்றாவதை எழுத ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தேதி சொல்லிவிடு என்றார். அதற்குச் சிவகாசிக் காலண்டர் வேண்டும். ஊர் திரும்பியிருந்த அம்மாவிடம் இரண்டு பிரதி கேட்டேன், எங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

அம்மா மளிகைக்கடையில் கொடுத்த முருகனை எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, அந்த அம்மையாருக்காகப் பல்லாவரம் கடைத்தெருவில் ஏறி இறங்கியிருக்கிறார். நகைக்கடையில் மகாலட்சுமி, மருந்துக்கடையில் பிள்ளையார், இரும்புக்கடையில் ஏழுமலையான். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீர்வீழ்ச்சி படம் போட்டது ஒன்று கிடைத்த பிறகுதான் கூரியருக்குப் போனாராம்.

“அவங்க அதை எங்க மாட்டுவாங்கன்னு நமக்குத் தெரியும்ல” என்றார்.